பென்சிலைக் காணோம்

ஃபோனைக் கழற்ற வேண்டாம் அண்ணாச்சி. அதில் ஒரு கோளாறும் இல்லை. தெரிந்துதான் கொண்டுவந்தேன். கடையில் காட்டிவிட்டு வா என்று அப்பா கொடுத்து அனுப்பினார். காட்டாமல் திரும்பிப் போனால், காட்டினேன் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பொய் வராது. இப்போது காட்டிவிட்டேன், நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அவ்வளவுதான்.

இல்லை, கிளம்பவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் வேறு ஆளில்லை, நீங்களும் டீயைக் கையில் வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊர் பஸ் வருகிற வரைக்கும் சொல்கிறேன்.

கோளாறு என்னவென்று அப்பா சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன். "பென்சிலைக் காணோம் தாயி." சிரிக்காதீர்கள். அப்பா லாரி செட்டில் சுமை தூக்குகிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எண்ணில் அவருக்குத் தப்பு வராது. ஒரு லாரி நம்பரைப் பார்த்தால் அடுத்த பொங்கலுக்குக் கேட்டாலும் சொல்வார்.

என் பெயர் சங்கரேஸ்வரி. பி.காம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அதற்குத் தாலுகா ஆபீசில் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும், அதற்கு ஆதாரம் என்ன என்று எனக்கே உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கிறது. அது அங்கே பழகியது.

அங்கே என்றால், இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்குமே, அது. அதை எழுதுகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை அண்ணாச்சி. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். கல்லூரியில் கடைசி வருஷம் அதற்கு ஒரு பயிலரங்கம் வைத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு பென்சில் படம் இருக்கும், அதைத் தொட்டால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வந்தவர் சொன்னார். நான் எழுந்து நின்று, அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. யாரிடமும் வாங்க வேண்டாம் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. பஸ் பாஸுக்கு, உதவித்தொகைக்கு, வருமானச் சான்றிதழுக்கு என்று எத்தனை வாசலில் கையெழுத்துக்கு நின்றிருக்கிறேன். யாரையும் கேட்க வேண்டாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றைக்கு நான் தேடிப் பார்த்தது எங்கள் ஊர் விபத்தை. இருந்தது. 'நல்லமுத்தன்பட்டி பட்டாசு ஆலை விபத்து' என்று தனிப் பக்கமே இருந்தது. ஆறு வரிதான். மணி மருந்து உராய்ந்து தீப்பிடித்தது, அறைகள் தரைமட்டமாயின, 7 பேர் உயிரிழந்தனர். கீழே ஆதாரமாகப் பத்திரிகைச் செய்திகள்.

எட்டுப் பேர் அண்ணாச்சி. எட்டாவது எங்கள் அக்கா. மாரீஸ்வரி.

உங்களுக்கும் அந்த விபத்து நினைவிருக்கும். இருங்கள், நீங்கள் சொல்ல வருவதை அப்புறம் கேட்கிறேன். கோர்வையாகச் சொல்லாவிட்டால் எனக்கு விட்டுப்போகும்.

அக்கா அந்த ஆலையில் வேலை பார்த்தவள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். அன்றைக்கு எதிர்வீட்டு மதினிக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாகப் போனாள். எங்கள் பக்கம் அது வழக்கம். வராமல் இருந்தால் இடம் போய்விடும் என்று பதில் ஆளை அனுப்புவார்கள். பதில் ஆளுக்குத் தனியாகப் பேர் கிடையாது. அசல் ஆளின் பேரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அந்தப் பேரோடு வெளியே வர வேண்டும். அக்கா மதினியின் பேரோடு போனாள். தீக்காயத்தோடு மதுரையில் ரொம்ப நாள் கிடந்தாள். அதற்குள் மந்திரி வந்து போய்விட்டார், பத்திரிகைக்காரர்கள் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். அவள் இறந்தது எதிலும் வரவில்லை. ஆலைக் கணக்குப்படி மதினி அன்றைக்கு வேலைக்கு வந்தாள், உயிரோடு இருக்கிறாள். அக்கா அங்கே போகவே இல்லை.

அதனால் பென்சிலைத் தொட்டேன். என்ன எழுதினேன் என்று சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். "எட்டாவதாக எங்கள் பாசத்திற்குரிய அக்கா மாரீஸ்வரி அவர்களும் அகால மரணம் அடைந்தார்கள் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, கு. சங்கரேஸ்வரி, பி.காம். மூன்றாம் ஆண்டு." கலைக்களஞ்சியத்தில் இப்படிக்கு போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கூடவே 7 என்பதை 8 ஆக்கினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு ஓடி, இதே ஃபோனில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அக்கா பேருக்கு வந்தார். பேரைக் கட்டை விரலால் தொட்டார். பக்கம் நகர்ந்துவிட்டது. அழித்துவிட்டோமோ என்று பயந்து ஃபோனை என்னிடம் நீட்டினார். அழியாதுப்பா, இந்தப் பென்சிலைத் தொட்டால்தான் மாறும், யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எட்டு எங்கே என்று கேட்டார். காட்டினேன். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா அக்கா பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள். அன்றைக்கும் வரவில்லை.

மறுநாள் காலையில் 7 என்று இருந்தது.

நான் எழுதியதை எடுத்தவர் பெயர் ஆழிவண்ணன். அது அவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர். எனக்குத் தனியாக எழுதியிருந்தார். "வணக்கம் சங்கரேஸ்வரி. உங்கள் பங்களிப்புக்கு நன்றி. மேற்கோள் இல்லாததால் நீக்கியிருக்கிறேன்." நான் பயந்தே போனேன். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பியது போல இருந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், நம்பத் தகுந்த ஆதாரம் தந்தால் போதும் என்று பதில் வந்தது. அவர் தங்கமானவர் அண்ணாச்சி. இன்று வரைக்கும் ஒரு தடவைகூடக் கோபமாக எழுதியதில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவள் என் கூடப் பிறந்தவள், இதைவிட என்ன ஆதாரம் என்று கேட்டேன். அதுதான் முதல் பிசகு. கூடப் பிறந்தவள் என்றால் அந்தப் பக்கத்தில் நான் கை வைக்கவே கூடாதாம். தனக்கு வேண்டியவர்களைப் பற்றித் தானே எழுதக் கூடாது. நியாயம்தானே? ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என்ன ஆகும்? நான் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோழி திட்டினாள். எப்படிச் சொல்லாமல் இருப்பது?

இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். அது முதன்மை ஆவணம், நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது, அதிலும் விபத்து என்று எங்கேயும் இல்லை என்றார்கள். உண்மைதான். கிருமித் தொற்று என்றுதான் இருக்கிறது. சரி என்று, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியைப் படம் எடுத்துப் போட்டேன். ஊர்ப் பையன்கள் அடித்து ஒட்டியது. 'பட்டாசு ஆலை விபத்தில் எங்களை விட்டுப் பிரிந்த' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், நடுவில் அக்கா படம். இந்த பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தார்கள். வெயிலில் வெளுத்து, மேலே யாரோ காதுகுத்து விளம்பரத்தை ஒட்டி, அக்கா முகம் பாதிதான் இருந்தது. இருங்கள் அண்ணாச்சி, முடித்துவிடுகிறேன்.

சுவரொட்டியில் இருக்கிற அக்கா படம் ஸ்டுடியோக்காரருடையது, உரிமை இல்லாமல் ஏற்றக் கூடாது என்று அதையும் நீக்கிவிட்டார்கள். சுவரொட்டி ஆதாரமாகாதா என்று கேட்டதற்கு இன்னொருவர், "சுவரொட்டியை நம்பினால் நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு விடிவெள்ளி உண்டு" என்று எழுதினார். எல்லாரும் சிரிப்புப் படம் போட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு? அந்தச் சுவரில் அக்காவுக்குப் பக்கத்திலேயே ஒரு விடிவெள்ளி இருந்தார்.

அதற்கப்புறம் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள முடிவு செய்தேன். விதிகளை முழுசாக நான் தெரிந்துகொண்டால், என் பக்கம் நியாயம் இருந்தால், விதியே எனக்கு வழி காட்டும் என்று நினைத்தேன். படிப்பில் அப்படித்தானே மேலே வந்தேன். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்த காலம். உட்கார்ந்து படித்தேன். யாருக்கும் 'அவர்கள்' போடக் கூடாது. அமரர் ஆனார் என்று எழுதக் கூடாது, இறந்தார். பாசமான, கொடூரமான, பரிதாபமான, எதுவும் கூடாது. மணல்தொட்டி என்று ஓர் இடம் உண்டு, அங்கே எழுதிப் பழகிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அக்காவைப் பற்றி மணல்தொட்டியில் எழுதி எழுதிக் குறைத்தேன். கடைசியில் ஒரே வரி மிஞ்சியது. "மேலும் ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார்." பேர்கூட இல்லை. பேர் தேவையில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. அந்த ஒரு வரிக்கு ஒரு செய்தித்தாள் வேண்டும், அவ்வளவுதான்.

நிருபர் ஒருவரைப் பிடித்தேன். தாலுகா ஆபீஸ் பக்கத்து டீக்கடையில்தான் இருப்பார். நாலைந்து தடவை போனேன். அக்கா கதையை முழுசாகக் கேட்டார். கண்கூடக் கலங்கினார். நினைவு நாள் வரட்டும்மா, நான் எழுதுகிறேன் என்றார். சொன்னபடி எழுதினார். நினைவு நாளன்று காலையிலேயே பேப்பர் வாங்கினேன். உள்பக்கத்தில் இத்தனூண்டு. "7 பேரைப் பலிகொண்ட நல்லமுத்தன்பட்டி விபத்தின் நினைவு நாள் இன்று." மணி மருந்து உராய்ந்து தீப்பிடித்தது, அறைகள் தரைமட்டமாயின. வரிக்கு வரி கலைக்களஞ்சியத்தில் இருந்ததேதான்.

ஓடிப் போய்க் கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நீ சொன்னத எழுதலாம்னுதாம்மா இருந்தேன். ஆபீஸ்ல எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கிட்டுப் போடுன்னாங்க. சரிபார்த்தேன், ஏழுன்னு இருந்துச்சு." எங்கே சரிபார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

செய்தி கொண்டுவருகிறேன் என்று ஆழிவண்ணனிடம் சொல்லியிருந்தேனே. வந்த செய்தியை மறைத்தால் அது நேர்மையா? நானே கொண்டுபோய்ப் பேச்சுப் பக்கத்தில் வைத்தேன். பேச்சுப் பக்கம் என்றால் விவாதிக்கிற இடம். இது நம் பக்கத்தைப் பார்த்து எழுதியது, கணக்கில் வராது என்றும் எழுதினேன். அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. ஆழிவண்ணன் அந்தச் செய்தியைப் பக்கத்தில் மூன்றாவது மேற்கோளாகச் சேர்த்தார். அதுவரை இரண்டு பேப்பர் ஏழு என்று சொன்னது, இப்போது மூன்று. அந்த வாரம் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். நிஜப் பதக்கம் இல்லை, படம்தான். 'தன் கருத்துக்கு மாறான ஆதாரத்தையும் தேடித் தந்த நேர்மைக்காக' என்று அதன் கீழே எழுதியிருந்தது. என்னைப் பற்றி யாரும் அப்படி எழுதியது கிடையாது அண்ணாச்சி. அதை மட்டும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். காட்டட்டுமா? சரி, வேண்டாம்.

அதற்கப்புறம் அக்கா விஷயத்தை விட்டுவிட்டேன். விட்டேன் என்றால், அது மனதில் ஒரு பக்கம் தனியாக இருக்கிறது. நான் வேறு பக்கங்களில் வேலை செய்ய ஆரம்பித்தேன். தேதி திருத்துவேன், ஆதாரம் இல்லாத வரிகளை எடுப்பேன். புதிதாக வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வேன். ஒரு மருமகள் வந்து, தன் மாமனார் கட்டிய பள்ளிக்கூடம் என்று எழுதியிருந்தாள். ஆழிவண்ணன் எனக்கு எழுதியது போலவே அவளுக்கு நான் எழுதினேன். வணக்கம், நன்றி, நீக்கியிருக்கிறேன். அவள் ஒரு பக்கம் மன்னிப்புக் கேட்டாள்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் விபத்துப் பக்கத்தில் ஒருவர் வர ஆரம்பித்தார். கணக்குத் தொடங்காதவர். அப்படி வருகிறவர்களுக்குப் பெயர் இருக்காது, நீளமாக ஓர் எண்தான் தெரியும். அதுவும் ஒவ்வொரு தடவையும் மாறும். வந்து 7ஐ எடுத்துவிட்டு 8 போடுவார். வேறு எதையும் தொடமாட்டார். ஏன் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை எழுதமாட்டார். போட்டுவிட்டுப் போய்விடுவார்.

மற்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் நினைப்பார்கள் இல்லையா? இவள்தான் பேரை மறைத்துக்கொண்டு வருகிறாள் என்று. யாரும் பார்ப்பதற்குள் நானே 7 என்று மாற்றினேன். மறுநாளும் 8. மறுபடி நான் மாற்றினேன். இப்படியே போனது. "ஆதாரமின்றி எண்களை மாற்றாதீர்கள். இது விளையாடும் இடமல்ல" என்று எச்சரிக்கை வைத்தேன். அவர் படித்தாரோ என்னவோ. நிறுத்தவில்லை. கடைசியில் நிர்வாகிகளிடம் விண்ணப்பித்து அந்தப் பக்கத்தைப் பூட்டச் சொன்னேன். கணக்கில்லாதவர்கள் இனிமேல் அதைத் தொட முடியாது. ஆழிவண்ணன் நன்றி சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஃபோனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த ஃபோன் வீணாப் போச்சு தாயி" என்றார். "எட்டுப் போட்டா நிக்க மாட்டேங்குது. வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா ஏழாயிருது. நானும் விடாமப் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். இப்ப அந்தப் பென்சிலையே காணோம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் பக்கத்தைத் திறந்து காட்டினார். பென்சில் இருந்த இடத்தில் பூட்டு. அவர் அதைப் பூட்டு என்று நினைக்கவில்லை, கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று வேட்டி முனையால் துடைத்துப் பார்த்தார்.

"உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு சொல்லல. நீ படிச்ச பிள்ளை. ஒரு எழுத்துதான, நாமளே போட்டுக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

கேளுங்கள் அண்ணாச்சி. அப்பா என்று தெரிந்திருந்தால் மாற்றியிருப்பாயா என்று நீங்கள் கேட்கலாம். விதி ஆளைப் பார்த்து மாறக் கூடாது. அப்பா என்றால் விட்டுவிடுவேன், மற்றவர் என்றால் பிடித்துக்கொள்வேன் என்றால், அந்த மருமகளுக்கு நான் எழுதியதெல்லாம் என்ன? பூட்டை எடுக்கச் சொல்லி நான் கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் அப்பா என்று சொல்ல வேண்டும். அது அக்கா என்று சொன்னதைவிட மோசம். ஆழிவண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார். "வணக்கம் சங்கரேஸ்வரி" என்றுதான் ஆரம்பிப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

அப்பாவிடமா? சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கடையில் காட்டுகிறேன்ப்பா என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லையே.

நான் கேட்க வந்தது இதுதான். இந்த ஒரு ஃபோனில் மட்டும், அந்தப் பக்கத்தைத் திறந்தால் 8 என்று தெரிகிற மாதிரி செய்ய முடியுமா? வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். உலகத்துக்கெல்லாம் 7 இருக்கட்டும். அது முறைப்படி இருப்பது. இதில் மட்டும்.

அப்படியா. நான் என் கணக்கில் போய் 8 ஆக்கினால், ஒரு நிமிஷத்தில் நீங்கள் அந்தப் பக்கத்தை இதில் பிடித்து வைத்துவிடுவீர்கள், அப்புறம் நான் 7 ஆக்கிவிடலாம். அவ்வளவு சுலபமா? நானும் அதை நினைக்காமல் இல்லை. ஆனால் அங்கே எதுவும் அழியாது அண்ணாச்சி. யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்று வரலாற்றில் நிற்கும். ஒரு நிமிஷம் நான் ஆதாரமில்லாமல் எழுதினேன் என்று என் பேரில் என்றைக்கும் நிற்கும். வேண்டாம். என் கையில் இருப்பது அந்த நல்ல பேர் ஒன்றுதான்.

என்ன அண்ணாச்சி? ரொம்ப நேரமாக ஏதோ சொல்ல வந்தீர்கள். சொல்லுங்கள்.

எட்டா?

உங்களுக்கு யார் சொன்னது? அந்தச் சுவரில் பார்த்தீர்களா? கடை திறக்கும்போதெல்லாம் எதிரில் அந்த முகம்தானா? ஆமாம், நீலச் சேலைதான், சிரித்த மாதிரி இருக்கும். எட்டாவது பிள்ளை இதுதான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நீங்களே சொன்னீர்களா? நல்லமுத்தன்பட்டி என்றாலே உங்களுக்கு எட்டு என்றுதான் மனதில் இருக்கிறதா?

இருக்கட்டும். ஆனால் அது செல்லாது அண்ணாச்சி. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. பார்த்தது, கேட்டது, நினைவில் இருப்பது எதையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எங்கேயாவது அச்சில் வந்திருக்க வேண்டும். சுவரொட்டி அச்சுதான், அது வேறு.

பஸ் வந்துவிட்டது, நான் போகிறேன். ஃபோன் இங்கேயே இருக்கட்டும். சனிக்கிழமை அப்பாவே வந்து வாங்கிக்கொள்வார். ஒல்லியாக இருப்பார், தலையில் துண்டு கட்டியிருப்பார். பழைய ஃபோன், இனிமேல் சரியாகாது என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.

எட்டு என்று இப்போது சொன்னீர்களே, அதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். மறுபடியும் பென்சிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்.